மண்டபத்தில் இருந்து நெட்வொர்க்கிங் படித்தேன்: போன பணமும் வந்த வேலையும்

ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரை பக்கத்துப் பிள்ளைகளிடமிருந்து எனக்கு அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "அக்கா, நெட்வொர்க்கிங் படிக்க எந்த இன்ஸ்டிடியூட்ல சேரலாம்?" கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து ஓட வைக்கும் வேலையைத்தான் நெட்வொர்க்கிங் என்கிறோம். கேட்பவர்களில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள். வாட்ஸப்பில் ஒரு வரியில் பதில் சொல்லிப் பார்த்தேன், சரிப்படவில்லை. நான் சேர்ந்த காலத்தில் இதைக் கேட்க எனக்கு ஒரு ஆள் கிடையாது. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், அம்மா கருவாட்டுக் கொட்டகை. எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன ஆள் என்று கைகாட்ட யாரும் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2021-ல் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். கொரோனாவில் பாதிப் படிப்பு போனில்தான் ஓடியது. டிகிரி கையில் வந்தபோது உருப்படியாகத் தெரிந்தது எதுவும் இல்லை என்பதுதான் நிஜம். அப்போது மதுரையில் ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. சி.சி.என்.ஏ. (சிஸ்கோ கம்பெனி தரும் நெட்வொர்க்கிங் சான்றிதழ்) கோர்ஸ், நூறு சதவீதம் பிளேஸ்மென்ட், ஆரம்பச் சம்பளம் 25,000. ஃபீஸ் 48,000 ரூபாய். அம்மா தன் கழுத்துச் செயினைக் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்துப் பணம் கட்டினார். ஹாஸ்டலுக்குச் சாப்பாட்டோடு மாதம் 5,500. அரை வருடம் தங்கினேன். கடைசியில் "ப்ரொஃபைல் ப்ராசஸிங்" என்று ஒரு 15,000 கேட்டார்கள், அதையும் கொடுத்தோம். வட்டியைச் சேர்க்காமலே லட்சத்தை நெருங்கிவிட்டது.

வகுப்பு எப்படி இருந்தது என்றால், நெட்வொர்க் எப்படி இயங்குகிறது என்பதைப் பிரித்துச் சொல்லும் ஓ.எஸ்.ஐ. மாடலின் ஏழு அடுக்குகளை ஸ்லைடில் காட்டிப் படித்துச் சொல்வார்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம். லேப் என்று சொன்னது ஒரு கண்ணாடி அலமாரிக்குள் இருந்த ஒரே ஒரு பழைய ஸ்விட்ச், அதாவது பல மெஷின்களின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி. அதற்குக் கட்டளை கொடுக்க லேப்டாப்பில் இருந்து போடும் கன்சோல் கேபிளைச் செருகிப் பார்த்த பிள்ளை எங்கள் பேட்ச்சில் ஒருவர்கூட இல்லை, புரொஜெக்டரில்தான் தரிசனம். பாடம் எடுத்தவர் முந்தைய பேட்ச்சில் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் அங்கேயே தங்கிவிட்டவர் என்பது பிறகுதான் தெரிந்தது. பாவம், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தேர்வுக்கு என்று ஒரு "டம்ப்ஸ்" பி.டி.எஃப். கொடுத்தார்கள். களவாகச் சேர்த்த கேள்விகளும் பதில்களும். மனப்பாடம் செய்தால் பாஸ் என்றார்கள். அப்படி எழுதுவது பிடிபட்டால் சிஸ்கோ சான்றிதழை ரத்து செய்து, மறுபடி எழுத விடாமல் தடை போடலாம் என்பதை அங்கே ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்கவில்லை.

பிளேஸ்மென்ட்டும் வந்தது. முதலில் கடன் வசூல் செய்யும் கால் சென்டர். அடுத்தது இன்ஷூரன்ஸ் விற்கிற வேலை. நெட்வொர்க் வேலை எங்கே என்று கேட்டால், "ஃப்ரெஷர்ஸ்க்கு இப்ப மார்க்கெட் டல்லும்மா, கிடைச்சதுல ஏறிக்கோ" என்றார்கள். அட்மிஷன் ஃபாரத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது "பிளேஸ்மென்ட் உதவி" மட்டுந்தான். உத்தரவாதம் என்ற பேச்சு விளம்பரத்தோடு சரி.

ஊருக்குத் திரும்பினேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்பா வீட்டில் இருந்தார், வருமானம் இல்லை. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். "என்னத்தா, வேலை ஆயிருச்சா?" என்று சித்திமார் கேட்பார்களே என்று பயம். ராத்திரியில் தூக்கம் பிடிக்காது, வட்டிக் கணக்குதான் ஓடும்.

சேரும் முன்பு என்ன பார்க்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணம் கட்டுவதற்கு முன் லேப் நடக்கும் ஒரு வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள், மறுத்தால் வந்த வழியே திரும்புங்கள். பாடம் எடுப்பவர் எந்த நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார், எத்தனை வருடம் என்று நேரே கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வேலை கிடைத்தவர்கள் என்று சுவரில் ஒட்டியிருக்கும் போட்டோக்களை நம்பாமல், உள்ளே இப்போது படிக்கும் பிள்ளைகளை வாசலில் நிறுத்திப் பேசுங்கள். டீக்கடை வாசலில் உண்மை வரும். பணத்தை யாருடைய சொந்த ஜிபே நம்பருக்கும் அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். வாயால் சொன்னதை எல்லாம் ஒரு மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஏமாந்த பிறகும் வழி உண்டு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். 2019-ஆம் வருடச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதெல்லாம் எனக்கு ஒரு வக்கீல் அக்கா சொன்னபோது அந்த இரண்டு வருடம் தாண்டியிருந்தது.

வீட்டில் இருந்தபோது இன்னொரு ஆள் வந்தார். துபாயில் ஐ.டி. டெக்னீஷியன் வேலை, 1,20,000 கொடுத்தால் விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று. அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. நல்லவேளையாகக் கீழக்கரையில் என் கல்லூரித் தோழியின் வாப்பா முப்பது வருடம் வளைகுடாவில் இருந்தவர், அவர் தடுத்தார். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட்டாக இருக்க வேண்டும், இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், அவர்கள் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் என்றார். வந்த ஆளிடம் பதிவு எண் கேட்டோம். அப்புறம் அவர் போன் எடுக்கவே இல்லை.

படிப்பு உண்மையில் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பெயர் பதிந்தால் பாக்கெட் ட்ரேசர் என்ற மென்பொருள் இலவசம். ரவுட்டர், ஸ்விட்ச், கேபிள் எல்லாவற்றையும் திரையில் இழுத்துப் போட்டுக் கட்டளை கொடுத்துப் பார்க்கலாம். 48,000 கொடுத்த இடத்தில் இந்தப் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று நினைக்கும்போது இப்போதும் வயிறு எரிகிறது. என் பழைய லேப்டாப்பில் அது திணறித்தான் ஓடியது, கரன்ட் போனால் பேட்டரி அரைமணி நேரம் நிற்கும். ஆனாலும் வி-லேன் பிரிப்பது (ஒரே ஸ்விட்ச்சைப் பல தனி நெட்வொர்க்காக்குவது), ரவுட்டிங் (ஒரு நெட்வொர்க்கில் இருந்து இன்னொன்றுக்கு வழி காட்டுவது), டி.ஹெச்.சி.பி. (மெஷின்களுக்குத் தானாக முகவரி வழங்குவது) எல்லாம் கையில் வந்தது.

சப்நெட்டிங், அதாவது ஒரு நெட்வொர்க்கின் முகவரிகளைச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பது, மட்டும் மண்டையில் ஏறவில்லை. ஒரு நாள் அப்பா மீன்பாட்டுப் பங்குக் கணக்கு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகுக்கு, வலைக்கு என்று எடுத்து வைத்துவிட்டு மீதியைத்தான் ஆட்களுக்குப் பிரிப்பார்கள். சப்நெட்டிங்கும் அதே மாதிரிதான். /26 என்று குறிக்கும் துண்டு என்றால் 64 முகவரி. அதில் முதலாவது நெட்வொர்க்குக்கு, கடைசி பிராட்காஸ்ட்டுக்கு (எல்லா மெஷினுக்கும் ஒரேயடியாகச் செய்தி அனுப்ப), மீதி 62-தான் மெஷின்களுக்கு. 192.168.10.0-ல் தொடங்கினால் அடுத்த துண்டு 64-ல், அதற்கடுத்தது 128-ல், 192-ல். அன்றைக்கு அந்த நோட்டின் பின்பக்கத்திலேயே போட்டுப் பார்த்தேன், பிறகு அது தடுமாறவே இல்லை.

திரையில் மட்டும் படித்தால் போதாது என்று தோன்றியது. எங்கள் பகுதிக்கு ஃபைபர் இன்டர்நெட் கொடுப்பவர் பழைய கேபிள் டி.வி.க்கார அண்ணன். அவரிடம் போய், "அண்ணே, சம்பளம் வேணாம், கூட வந்து பாக்குறேன்" என்றேன். "பொம்பளப்புள்ள போஸ்ட்டு ஏறுவியா?" என்று சிரித்தார். "ஏறமாட்டேன், கீழ நின்னு மீட்டர் பாக்குறேன்" என்றேன். அவருடைய மனைவி, அந்த அண்ணி, ரசீது எழுதுகிறவர், "வரட்டுமேங்க, கணக்காவது ஒழுங்கா எழுதும்" என்று சொல்லித்தான் சேர்த்துவிட்டார். இது பெண்பிள்ளைகளுக்கு: கதவு பல நேரம் அண்ணிமார் கையில்தான் இருக்கிறது.

அங்கே கற்றது எந்த ஸ்லைடிலும் இல்லாதது. ஃபைபர் கனெக்டரில் பச்சையும் நீலமும் ஒன்றோடொன்று சேராது. பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாக இழைத்தது, நீலத்தின் முனை சாய்வில்லாதது, மாற்றிச் செருகினால் ஒளி பாதி வழியில் செத்துவிடும். ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரில் மைனஸ் 19, 20 வந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டினால் வீட்டுக்காரர் நாளைக்கே போன் போடுவார். எங்கள் கரையில் உப்புக் காற்று இருக்கிறதே, கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மொட்டைமாடி கேமராவின் ஆர்.ஜே.45 என்ற கேபிள் முனையைக் கழற்றினால் பித்தளைப் பாத்திரம் போலப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அந்த முனைகளை மூடிய டப்பாவுக்குள் வைத்து, கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றிச் செருக வேண்டும், நீர் வழிந்து வெளியே சொட்டிவிடும். கடையில் மலிவு கேபிள் கேட்டால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதைத் தருவார்கள். கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். அந்தக் கேபிளிலேயே கேமராவுக்குக் கரன்ட்டும் போகும் என்றால் கட்டாயம் வேண்டாம்.

கிரிம்பிங்கில், அதாவது கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்துவதில், ஒரு சூட்சுமம் சொல்கிறேன், இது எனக்குப் பின்னால் நிறைய வேலை வாங்கிக் கொடுத்தது. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். கேபிளுக்குள் ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கும் எட்டுக் கம்பிகளுக்கும் இதுதான் வரிசை. பச்சை ஜோடி மூன்றாவதிலும் ஆறாவதிலும் பிரிந்து நிற்பது வேண்டுமென்றே வைத்தது. நம் ஊரில் வயரிங் செய்யும் சிலர், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று ஜோடி ஜோடியாக வரிசையில் அடித்துவிடுவார்கள். சின்ன டெஸ்டரில் எட்டு விளக்கும் சரியாக எரியும், ஆனால் நீளமான கேபிளில் ஸ்பீடு வராது, தொடர்பு விட்டு விட்டுப் போகும். காரணம், சிக்னலும் அதன் எதிர் சிக்னலும் ஒரே முறுக்கில் போகாமல் வேறு வேறு ஜோடியில் போய்விடுகின்றன. விளக்கு எரிந்தது என்று நம்பாமல் முனையைக் கண்ணால் பாருங்கள்.

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ். தினமும் சாயங்காலம் ஆனால் வைஃபை கிடைக்கும், ஆனால் நெட் ஓடாது. எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும். ஏற்கெனவே வந்த ஆட்கள் புது ரவுட்டர் விற்றார்கள், பிளானை உயர்த்தினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அண்ணனுக்கு அன்றைக்கு வேறு வேலை, என்னை அனுப்பினார். பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றிருந்த சமயம், பஸ்ஸில் போனேன். நெட் வராத ஒரு பக்தரின் போனை வாங்கிப் பார்த்தேன், அதன் ஐ.பி. முகவரி 192.168.0-வில் இருந்தது. லாட்ஜின் ரவுட்டர் கொடுப்பதோ 192.168.1. அப்படியானால் உள்ளே இன்னொரு ஆள் முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறான். யாருடைய பதில் முதலில் வந்து சேர்கிறதோ அதைத்தான் போன் எடுத்துக்கொள்ளும், அதனால்தான் சிலருக்கு மட்டும் கோளாறு. லேப்டாப்பில் அந்த இன்னொரு ஆளின் முகவரியான 192.168.0.1-க்கு விடாமல் பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு, ஸ்விட்ச்சில் இருந்து ஒவ்வொரு கேபிளாக உருவினேன். ஒன்றை உருவியதும் பிங் நின்றது. அந்தக் கேபிளின் பின்னாலேயே போனால், மாடிப்படி ஏறி, லாட்ஜின் பெயர்ப் பலகைக்குப் பின்னால் முடிந்தது. அங்கே தூசி படிந்த ஒரு பழைய ரவுட்டர். எப்போதோ வாசலுக்கு வைஃபை எட்ட வைத்தது, யாரோ ரீசெட் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், ஃபேக்டரி நிலைக்குத் திரும்பி முகவரி கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. அதற்குக் கரன்ட் போவது போர்டு லைட்டின் சுவிட்சில் இருந்து. சாயங்காலம் போர்டு லைட்டைப் போட்டால் இதுவும் எழுந்துவிடும்! மேனேஜர் என்னையும் அந்த டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். (மேனேஜ்டு ஸ்விட்ச் என்று, கட்டளை கொடுத்து அமைக்கக்கூடிய நல்ல ஸ்விட்ச்சாக இருந்தால் டி.ஹெச்.சி.பி. ஸ்னூப்பிங் என்று ஒன்றைப் போட்டு இதைத் தடுத்துவிடலாம். அந்த லாட்ஜில் இருந்தது சாதாரண ஸ்விட்ச்.)

அந்த வேலையை அன்றிரவே ஒரு பக்கத்தில் எழுதினேன். என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தேன், கையால் வரைந்த ஒரு படம், ரெண்டு போட்டோ. லாட்ஜின் பெயரையும் பாஸ்வேர்டையும் எடுத்துவிட்டு, லிங்க்ட்இன்னில் போட்டேன். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அதை வைத்துத்தான் ஆட்களைப் பிடிக்கிற வித்தையே எனக்குப் புரிந்தது. அதற்கு முன்பு கத்தாரில் நெட்வொர்க் இன்ஜினியராக இருக்கும் ஒரு கீழக்கரை காக்காவுக்கு (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்), "காக்கா, ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று அனுப்பியிருந்தேன். ரெண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. இப்போது அவருக்கே அந்தப் பக்கத்தை அனுப்பி, "இதே கோளாறு மேனேஜ்டு ஸ்விட்ச்ல வந்தா நீங்க எந்தக் கட்டளையில தொடங்குவீங்க காக்கா?" என்று கேட்டேன். அன்று ராத்திரியே மூன்று வாய்ஸ் நோட் வந்தது, எந்த மெஷின் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்ச் குறித்து வைத்திருக்கும் மேக் அட்ரஸ் டேபிளில் எப்படிப் போர்ட்டைப் பிடிப்பது என்று. வேலை கேட்டால் அவருக்கு ஒரு சுமை, கொடுக்க அவர் கையில் ஒன்றும் இல்லை, சங்கடப்பட்டு மௌனமாகிவிடுகிறார். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டால் பத்து நிமிஷத்தில் சந்தோஷமாகச் சொல்லிவிடுகிறார். அதன்பிறகு நான் யாரிடமும் பொதுவாக "உதவி பண்ணுங்க" என்று எழுதியதில்லை. ஒரு கேள்வி, என் முயற்சி எதுவரை வந்தது, ஒரு படம். பதில் கிடைத்தால் செய்து பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கட்டாயம் திரும்பச் சொல்வேன். இந்தக் கடைசிக் காரியத்தை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. அவரே பிறகு சொன்னார், "கேட்டுட்டுப் போனவங்கள்ல திரும்பி வந்து சொன்னது நீ ஒருத்திதாம்மா" என்று.

ஆம்பளைப் பையன்களுக்கு டீக்கடை இருக்கிறது, கிரிக்கெட் இருக்கிறது, வண்டியில் ஒன்றாகச் சுத்துகிறார்கள், அங்கேயே எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்துவிடும். எனக்கு அது கிடையாது. நான் செய்தது, வேலைக்குப் போன இடமெல்லாம் ரிசப்ஷனில் இருக்கும் பெண், கணக்குப் பார்க்கிறவர், பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் என்று முகம் தெரிந்த ஆட்களிடம் நம்பர் வாங்கி, என்ன வேலை முடித்தேன் என்பதை அவர்களுக்கும் ஒரு வரி அனுப்பி வைத்தேன். நெருங்கின சொந்தம் எல்லாம் எனக்காக அங்கலாய்த்தார்கள், ஆனால் அவர்களுக்குத் தெரிந்த ஆட்கள் எல்லாம் எனக்கும் தெரிந்த ஆட்கள்தானே. கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்: தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களைக் கேட்டபோது, பாதிக்கும் மேலானவர்கள் அந்த ஆளை எப்போதாவதுதான் பார்ப்போம் என்றார்களாம். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. என் வேலையும் அந்த லாட்ஜுக்கு மாதக் கணக்கு எழுத வருகிற ஒரு ஆடிட்டர் ஆபீஸ் அக்கா மூலமாகத்தான் வந்தது. அவரிடம் நான் பேசியதே ரொம்பக் கொஞ்சம். அவர் கணக்கு பார்க்கும் இன்னொரு நிறுவனம் மதுரையில் ஆஸ்பத்திரி, கல்லூரிகளுக்கு நெட்வொர்க் போடுகிறவர்கள், அங்கே ஆள் தேடுகிறார்கள் என்று என் பக்கத்தை அனுப்பிவிட்டார்.

இன்டர்வியூவில் ஓ.எஸ்.ஐ. அடுக்கைக் கேட்கவில்லை. ஒரு கேபிளையும் கிரிம்பிங் டூலையும் கையில் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் ஐ.பி.யைக் காட்டி, இது ஏன் வந்தது என்றார்கள். டி.ஹெச்.சி.பி. பதிலே வராதபோது மெஷின் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் முகவரி என்று சொல்லி, அதற்குக் காரணம் என்னவெல்லாம் இருக்கலாம் என்று வரிசையாகச் சொன்னேன். பழைய பயிற்சி மையத்தின் சான்றிதழை ஃபைலில் வைத்திருந்தேன், அதை யாரும் திறக்கவில்லை. சம்பளம் 18,000. விளம்பரத்தில் சொன்ன 25,000 இல்லை, ஆனால் மாதம் பிறந்தால் வந்தது. செயின் மீண்டும் அம்மா கழுத்துக்கு வர ஒன்றரை வருடம் ஆனது.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள். கிரிம்பிங் டூல், டெஸ்டர், ஒரு பை கனெக்டர், பழைய மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்று செகண்ட்ஹேண்டில். எல்லாம் சேர்ந்து 6,000 ரூபாய்க்குள் முடிந்தது. சி.சி.என்.ஏ. தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரியோடு நம் காசில் 25,000-க்கு மேல் ஆகிவிடும். அதனால் வேலையில் சேரும் முன்பு அவசரப்பட்டு எழுத வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வேறு ஆட்கள் வேறு மாதிரி சொல்வார்கள், பெரிய கம்பெனிகளில் ரெஸ்யூமேவை வடிகட்டும்போது அந்த எழுத்துகளைத் தேடுவார்கள் என்பதும் நிஜந்தான். நான் கையில் வேலை பழகிய பிறகு 2024-ல் எழுதி பாஸ் செய்தேன், 120 நிமிடம் போனதே தெரியவில்லை. சான்றிதழ் மூன்று வருடம்தான் செல்லும், 2027-ல் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவைக் கம்பெனி ஏற்கும் என்று மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொன்னார். மெயிலில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டேன்.